ஒரே அளவில் இரண்டு பாக்கெட்

1. அட்டை

டெக்சாஸில் கைத்துப்பாக்கியை மறைத்து எடுத்துச் செல்ல லைசென்ஸ் கொடுக்கும் சட்டம் 1996 ஜனவரியில் நடைமுறைக்கு வந்தது. அடுத்த சில வாரங்களில் ஒரு வெள்ளைக்காரர் எங்கள் கடைக்குள் வந்தார். இடுப்பிலிருந்து துப்பாக்கியை எடுத்துக் கவுண்டர் மேல் வைத்தார். "இது வெளியே தெரியாதபடி என் பேண்டையெல்லாம் மாற்றிக் கொடு" என்றார். நான் ஒரு பட்டுப் பாவாடைக்குக் கரை மடித்து அடித்துக்கொண்டிருந்தேன். மிஷின் மிதியிலிருந்து என் கால் தானாக எடுபட்டது.

கடை சுகர் லேண்ட் என்ற ஊரில் ஒரு கடை வரிசையின் கடைசியில் இருந்தது. டிரை கிளீனிங்கும் ஆல்ட்டரேஷனும். முதலாளி ஜேக்கப் அண்ணாச்சி, நாகர்கோவில்காரர். அவர் உள்ளேயிருந்து வந்து, கவுண்டர் மேல் கிடந்ததைப் பார்க்காமல் ஆளை மட்டும் பார்த்துப் பேசி, அளவை அட்டையில் வரைந்து எடுத்துவரச் சொல்லி அனுப்பினார். பிறகு என்னிடம் சொன்னார்.

"லேய் சுடலை, இன்னிமே எவன் வந்தாலும் சாமான் கடைக்குள்ள வரப்பிடாது, கேட்டியா? அட்டையில வச்சு சுத்தி வரைஞ்சு, வெட்டிக் கொண்டாரச் சொல்லு. ஊர்ல செருப்பு வாங்க காலு அளவு வரைஞ்சு குடுத்து விடுவானுவல்லா, அதே மாதிரி."

அப்படித்தான் அட்டைகள் வர ஆரம்பித்தன. ஷூ டப்பா மூடி, பீட்சா பெட்டி, காலண்டர் அட்டை. ஒவ்வொன்றிலும் பெயரெழுதி, ஓட்டை போட்டு, அயர்ன் மேஜைக்கு மேலே கட்டியிருந்த கயிற்றில் தொங்கவிட்டேன். கோடைக்குள் கயிறு நிறைந்துவிட்டது. ஏசி ஓட ஆரம்பித்ததும் எல்லா அட்டையும் ஒரே பக்கமாகத் திரும்பும். நின்றதும் ஒவ்வொன்றாகத் திரும்பி வரும். "கசாப்புக் கடை மாதிரி இருக்குலே" என்று அண்ணாச்சி சிரிப்பார். ஆனால் அந்தக் கயிற்றுக்குக் கீழே அவர் நடக்கமாட்டார். மேஜையைச் சுற்றிக்கொண்டுதான் போவார்.

2. பிரிண்ட்

நான் எட்டாம் வகுப்போடு படிப்பை விட்டவன். சங்கரன்கோவிலில் பட்டன் துளைக்குக் காஜா எடுத்தேன். பம்பாயில் சட்டை, பஹ்ரைனில் யூனிபார்ம், நியூ ஜெர்சியில் ஒரு பேஸ்மெண்டில் சேலை பிளவுஸ். மில்பிடாஸில் சிப் கம்பெனிக்காரர்கள் தலையிலிருந்து கால்வரை போட்டுக்கொள்ளும் வெள்ளை அங்கி. எந்த இடத்திலும் மூன்று வருஷம் தாண்டியதில்லை. சில இடங்களில் அவர்கள் போகச் சொன்னார்கள், சில இடங்களில் எனக்கே போகத் தோன்றியது. டெக்சாஸுக்கு வந்தது, பஸ்ஸில் பக்கத்தில் உட்கார்ந்திருந்தவர் அங்கே குளிர் இல்லை என்று சொன்னதால்.

துப்பாக்கிக்குத் துணி தைப்பது எங்கேயும் சொல்லித்தராத வேலை. எனக்குச் சொல்லித்தந்தவர் ராய் என்ற கிழவர். போலீசிலிருந்து ஓய்வுபெற்றவர். லைசென்ஸ் வாங்க வருகிறவர்களுக்குக் கிளாஸ் எடுத்துவந்தார். கிளாஸ் முடித்தவர்களை எங்களிடம் அனுப்புவார். சட்டம் கேட்பது ஒன்றுதான், வைத்திருப்பது வெளியே தெரியக்கூடாது. கடையில் மேல் தட்டிலிருந்து டப்பாவை எடுக்கக் கை தூக்குகிறோம், சட்டை ஏறுகிறது, பின்னால் நிற்கிற பெண் பார்த்துவிட்டு போலீசைக் கூப்பிடுகிறாள். அதற்குப் பிறகு படுகிற பாடு லைசென்ஸ்காரருடையது. துணிக்கு மேலே உருவம் தெரிவதற்குப் பெயர் பிரிண்ட். "உன் பேண்ட் பிரிண்ட் ஆகிறது" என்பார் ராய், யாரையாவது பார்த்து, மெதுவாக.

இடுப்புப் பட்டியை ஒன்றரை அங்குலம் தளர்த்த வேண்டும். பாக்கெட்டுக்குள் கேன்வாஸ் வைக்க வேண்டும், இல்லாவிட்டால் எடை இழுத்துத் துணி ஒரு பக்கம் சாயும். கோட்டின் கீழ் மடிப்பில் கொஞ்சம் கனம் சேர்த்தால் காற்றில் விலகாது. எனக்கு இது கை வந்தது. கை வந்த பிறகு கண் சும்மா இருக்கவில்லை. மளிகைக் கடை வரிசையில் நிற்கும்போது முன்னால் இருப்பவரின் சட்டை விழும் விதத்தைப் பார்ப்பேன். இருக்கிறது. பக்கத்து வரிசையில் கொத்தமல்லிக் கட்டு பொறுக்குகிறவரிடம் இருக்கிறது. தள்ளுவண்டியில் குழந்தையை உட்கார வைத்திருப்பவரிடமும் இருக்கிறது. யாரும் யாரையும் பார்ப்பதில்லை. நான் மட்டும் பார்த்துக்கொண்டு நிற்பேன். சில நாள் பருப்பு வாங்காமலே திரும்பியிருக்கிறேன்.

3. தனபால் சார்

தமிழ் ஆட்கள் அவ்வளவாக லைசென்ஸ் வாங்கவில்லை. வாங்கியவர்களில் ஒருவர் தனபால். நாமக்கல் பக்கம். எண்ணெய்க் கம்பெனியில் இன்ஜினியர், க்ரீன் கார்டு வந்தவர். ஃப்ரீவேயை விட்டு இறங்கி சிக்னலில் நிற்கும்போது ஒருவன் வந்து கார்க் கண்ணாடியை இரும்புக் கம்பியால் உடைத்து, கழுத்தில் கம்பியை வைத்துக்கொண்டு, ஒன்றையும் எடுக்காமல் போய்விட்டானாம்.

"ஏதாச்சும் எடுத்துட்டுப் போயிருந்தான்னா மறந்திருப்பனுங்க மாஸ்டர்" என்றார். "என்ன வேணும்னே சொல்லலையே அவன். இன்னைக்கும் கேக்கோணும்போல இருக்குது."

அவர் கொண்டுவந்த அட்டை கிராஃப் பேப்பர் ஒட்டியது. கோடுகள் ஸ்கேல் வைத்துப் போட்டவை. பிடியின் அடியில் ரப்பர் ஒன்று மாட்டியிருந்ததால் அங்கே மட்டும் ஒரு சின்னத் துருத்தல். நான்கு பேண்ட் தைத்தேன். சட்டத்தில் ஒவ்வொரு வரியையும் படித்து வைத்திருந்தார். பள்ளிக்கூடத்துக்குள் எடுத்துப்போகக்கூடாது. தமிழ்ச் சங்கத்துப் பொங்கல் விழா பள்ளிக்கூட ஹாலில்தான் நடக்கும்.

"பொங்கலுக்கு வேட்டி கட்டிக்குவனுங்க. அதுக்கு பாக்கெட் கேக்கமாட்டேன், பயப்படாதீங்க."

"வேட்டிக்குள்ள வச்சா, சாமி கும்பிட விழும்போது சாமான் முன்னால விழும் சார்."

சத்தமாகச் சிரித்தார். சிரித்தபடியே கயிற்றில் தொங்கும் அட்டைகளில் பெயர்களைப் படித்தார். "இத்தனை பேருக்கு பயமா இருக்குதுங்களா" என்று கேட்டார்.

4. கார்

இரண்டு வருஷம் கழித்து, ஒரு செப்டம்பரில், கடைக்கு எதிரே பார்க்கிங் கோடியில் மரத்தடியில் ஒரு கார் நிற்க ஆரம்பித்தது. காலை ஒன்பதுக்கு வரும். மாலை ஐந்துக்குப் போகும். இன்ஜின் ஓடிக்கொண்டே இருக்கும். கண்ணாடியில் வெயில் அடிப்பதால் உள்ளே இருப்பவர் தெரியமாட்டார். முகப்பு எங்கள் கடையைப் பார்த்து இருக்கும்.

"லேய், அவன் நம்ம கடையத்தான் பாத்துட்டு கெடக்கான்" என்றார் அண்ணாச்சி. "நாலு நாளாச்சு. எப்ப தெறக்கோம், எப்ப அடைக்கோம்னு கணக்குப் பாக்கான்."

"போலீசுக்குச் சொல்லுங்க."

"சொல்லி? பார்க்கிங்ல கார் நிறுத்துதது குத்தமாக்கும்? நீ போய் எட்டிப் பாரு. நீ கட்டை பிரம்மச்சாரி."

நான் டேப்பைக் கழுத்தில் போட்டபடியே போனேன். கண்ணாடி இறங்கியது. உள்ளே தனபால் சார். இஸ்திரி போட்ட சட்டை, கழுத்தில் ஆபீஸ் பேட்ஜ், பக்கத்து சீட்டில் டிபன் டப்பா. நான் தைத்த பேண்ட்.

"டிராபிக்குங்க மாஸ்டர்" என்றார். "செத்த நேரம் நிறுத்தியிருக்கறேன்."

அப்போது மணி பதினொன்றரை. அந்த நேரத்தில் அங்கே எந்த டிராபிக்கும் கிடையாது. "சரிங்க சார்" என்று சொல்லிவிட்டுத் திரும்பி வந்தேன். அண்ணாச்சியிடம், தெரிந்தவர்தான், வெயிலுக்கு நிறுத்தியிருக்கிறார் என்றேன். கார் மறுநாளும் நின்றது. அதற்கடுத்த நாளும். நாங்கள் பழகிக்கொண்டோம்.

5. சீரியல் டப்பா

அடுத்த வாரம் தனபால் சாரின் மனைவி கோகிலா வந்தார். அவருக்கு நான் பிளவுஸ் தைத்திருக்கிறேன். குழந்தைகளைப் பார்த்துக்கொள்ளும் டேகேரில் வேலை. வழக்கமாக மாலையில் வருவார். அன்று விடிந்ததும், நான் கதவைத் திறக்கும்போதே வந்து நின்றார். இரண்டு சுடிதார் டாப்பை வைத்து, உள்பக்கம், இடது இடுப்புக்கு மேலே, மூடியுள்ள பாக்கெட் வேண்டும் என்றார். குனிந்தாலும் தெரியக்கூடாது, குழந்தைகளைத் தூக்கினாலும் இடிக்கக்கூடாது.

"என்ன வைக்கப் போறீங்கம்மா?"

பைக்குள்ளிருந்து ஓர் அட்டையை எடுத்துத் தந்தார். குழந்தைகள் சாப்பிடும் சீரியல் டப்பாவை வெட்டியது. பென்சில் கோடு நடுங்கி நடுங்கிப் போயிருந்தது.

"வெள்ளிக்கிழமை ட்ரையலுங்களாண்ணா?"

"சரிம்மா."

அவர் போன பிறகு அட்டையைத் தொங்கவிட எடுத்தேன். பிடியின் அடியில் அந்தத் துருத்தல். கயிற்றிலிருந்து தனபால் சாரின் அட்டையை இறக்கி அதன் மேல் வைத்தேன். ஓரம் ஓரமாகப் பொருந்தியது. ஒரு வீட்டில் ஒரே துப்பாக்கி. அதற்கு அவருக்கு ஒரு பாக்கெட், இவருக்கு ஒரு பாக்கெட்.

நான் நினைத்ததை மறைக்காமல் எழுதுகிறேன். இந்தப் பெண் தன் புருஷனைக் கொல்லப்போகிறாள் என்று நினைத்தேன். அப்படி நினைத்துக்கொண்டே அந்த இரண்டு டாப்பையும் தைத்தேன். கேன்வாஸ் வெட்டினேன். லைனிங்குக்கு மெல்லிய பருத்தி போட்டேன், உறுத்தாமல் இருக்கட்டும் என்று. கடைக்கு எதிரே அவர் கார் இன்ஜின் ஓட நின்றுகொண்டிருந்தது. அளவு கொடுத்தால் தைக்க வேண்டும், மற்றது நம் வேலை இல்லை என்று பத்து வயதிலிருந்து எனக்குச் சொல்லியிருந்தார்கள். மூன்று நாள் ஆனது. தையல் சுத்தமாக வந்தது.

6. ட்ரையல்

வெள்ளிக்கிழமை காலை பத்து மணிக்கு வந்தார். பார்க்கிங் கோடியில் நின்ற காரை அவர் கவனித்த மாதிரி தெரியவில்லை. அண்ணாச்சி கண் டாக்டரிடம் போயிருந்தார். கோகிலா டாப்பைப் போட்டுக்கொண்டு ட்ரையல் அறையிலிருந்து வெளியே வந்து கண்ணாடி முன்னால் நின்றார். நடக்கச் சொன்னேன். குனியச் சொன்னேன். துணி நேராக விழுந்தது.

"அட்டை வச்சு ஒரு தடவை பாத்துருவோம்மா" என்றேன்.

"அட்டை வேண்டாங்ண்ணா. உள்ளாரதான் இருக்குது."

நான் அயர்ன் பாக்ஸை நிறுத்தி வைத்தேன். கடையில் வேறு ஆள் இல்லை.

"குண்டை எடுத்துட்டீங்களா?"

"எனக்கு எடுக்கத் தெரியாதுங்ண்ணா. பதினோரு நாளா அப்படியேதான் வெச்சுருக்கறேன். முதல்ல டவல்ல சுத்தி இடுப்புல கட்டியிருந்தேன். வேர்வைக்கு அவுந்துபோடுது."

"லைசென்ஸ்?"

இல்லை என்று தலையை ஆட்டினார். குரல் மாறாமல், பால் கணக்குச் சொல்வதுபோலச் சொன்னார். "அவருக்கு வேலை போயி ரெண்டு மாசமாச்சுங்க. எனக்குத் தெரியும். எனக்குத் தெரியும்னு அவருக்குத் தெரியாது. டெய்லியும் டிபன் கட்டித் தர்றேன், வாங்கிட்டுக் கெளம்பறாரு. எங்க போறாருன்னு தெரியலை. ஒரு நாள் அலமாரித் துணிக்கடியில லெட்டர் இருந்துச்சு. இன்சூரன்ஸ் பேப்பர் எங்க இருக்குது, பொண்ணு ஸ்கூல் மாறுனா ஆரைப் பாக்கோணும்னு எல்லாம் நம்பர் போட்டு எழுதியிருந்தாரு. அன்னைக்கு அவரு குளிக்கப் போன நேரத்துல இதை எடுத்தேன்."

"அவரு கேக்கலையா?"

"எப்படிங்க கேப்பாரு? எதுக்குன்னு சொல்லோணுமல்ல. எனக்கு முன்னால வீட்டுக்கு வந்துடறாரு. நான் ஆறு மணிக்கு டேகேர்லருந்து வந்து பாத்தா அரிசி டப்பா திரும்பி இருக்கும். சாமி படம் ஒரு இன்ச் நகந்திருக்கும். தெனமும் தேடறாரு. தேடி முடிச்சு எல்லாத்தையும் அதே மாதிரி வெச்சுப்போடறாரு. ராத்திரி எதுத்தாப்புல உக்காந்து ரசம் ஊத்துன்னு சொல்றாரு. நான் ஊத்தறேன். அப்பவும் எம்மேலதான் இருக்குது."

தூக்கிப்போட்டால் ஏதாவது குழந்தை கையில் கிடைக்கும். போலீசிடம் கொடுத்தால் பெயர் கேட்பார்கள், தமிழ்ச் சங்கம் முழுக்கத் தெரிந்துவிடும். வீட்டில் வைத்தால் அவர் எடுத்துவிடுவார். அவர் தேடாத இடம் இது ஒன்றுதான். அப்படிச் சொல்லிவிட்டு இடது பக்கம் கையை வைத்துக்கொண்டார்.

நான் கண்ணாடிக் கதவு வழியாக வெளியே பார்த்தேன். மரத்தடியில் கார் நின்றது. கார்க் கதவு திறந்திருந்தது. கடை வாசலில் நிற்கும் மனைவியின் காரை அவர் பார்த்திருக்கிறார்.

மணி அடித்து, கதவைத் தள்ளிக்கொண்டு தனபால் சார் உள்ளே வந்தார். கழுத்தில் பேட்ஜ். டேகேரில் இருக்க வேண்டியவர் இங்கே. ஆபீசில் இருக்க வேண்டியவர் இங்கே. இருவரும் ஒருவரையொருவர் பார்த்துக்கொண்டார்கள். ஏன் இங்கே என்று இரண்டு பேருமே கேட்கவில்லை.

"டாப்பு தைக்கக் குடுத்தியா?" என்றார்.

"ஆமாங்க."

மனைவியை மேலிருந்து கீழாகப் பார்த்தார். நானும் பார்த்தேன். என் வேலையில் குறை இல்லை. அங்கே ஒன்றுமே இல்லாத மாதிரி இருந்தது.

"நல்லாருக்குது" என்றார். "மாஸ்டர் கை."

நான் வாயை மூடிக்கொண்டிருந்தால் அவர் காருக்குத் திரும்பியிருப்பார். அந்தப் பெண் அப்படியே டேகேருக்குப் போயிருப்பார். நாளைக்கும் ரசம் ஊற்றியிருப்பார். "சார், நீங்க வீட்ல தேடுற சாமான் இங்க இருக்கு" என்று சொன்னேன்.

தனபால் சார் என்னைப் பார்த்தார், பிறகு மனைவியின் கையைப் பார்த்தார். வாடிக்கையாளர் நாற்காலியைத் தடவிப் பிடித்து உட்கார்ந்தார்.

"கோகிலா, அது லோடு பண்ணியிருக்குது."

"தெரியும்."

"அதை வெச்சுக்கிட்டா கொழந்தைங்களைத் தூக்குன?"

கோகிலா கண்ணாடிப் பக்கம் ஓர் அடி பின்னால் நகர்ந்தார்.

"குடு. நான் குண்டை எடுத்துத் தர்றேன். உனக்குத் தெரியாது."

"தரமாட்டனுங்க."

அந்த அறையில் அதைப் பத்திரமாக்கத் தெரிந்தவர் அவர் ஒருவர்தான். அவர் கையில்தான் கொடுக்கவும் முடியாது. நான் ராய்க்கு போன் செய்தேன். உடனே வருகிறேன், யாரும் அதைத் தொடவேண்டாம் என்றார். நாற்பது நிமிஷம் ஆனது. அதுவரை அவர் நாற்காலியில் இருந்தார், அந்தம்மா கண்ணாடி முன்னால் நின்றார், நான் நடுவில் நின்று ஒரே சட்டையைத் திரும்பத் திரும்ப அயர்ன் பண்ணினேன். இடையில் ஒருவர் வந்து தன் பேண்டை வாங்கிக்கொண்டு, வெயிலைப் பற்றி இரண்டு வார்த்தை பேசிவிட்டுப் போனார். அவர் இடுப்பிலும் இருந்தது. அவர் எதையும் கவனிக்கவில்லை. ஏசி ஓடி நின்றது. அட்டைகள் திரும்பி, மெதுவாக மறுபடி வந்தன. அவற்றில் பெயர்கள் தெரிவதையும் மறைவதையும் தனபால் சார் பார்த்துக்கொண்டிருந்தார்.

ராய் வந்து, கோகிலாவை அறைக்குள் போய் அதை டாப்போடு சேர்த்துக் கழற்றிக் கீழே வைத்துவிட்டு வரச் சொன்னார். தானே போய் எடுத்துவந்து, குண்டுகளைப் பிரித்து அயர்ன் மேஜையில் வரிசையாக வைத்தார். பிறகு தனபால் சாருக்கு எதிரே முட்டி போட்டு உட்கார்ந்தார். வயதான முட்டி, சத்தம் கேட்டது. சட்டை அளவு கேட்கிற குரலில் ஆங்கிலத்தில் கேட்டார்.

"தனபால், இதை வைத்து உன்னையே கொன்றுகொள்ள நினைத்தாயா?"

அந்த வார்த்தையை நாங்கள் மூன்று பேரும் அதுவரை சொல்லவில்லை. சொல்லிவிட்டால் நடந்துவிடும் என்று எனக்குள் இருந்தது.

"யெஸ் சார்" என்றார் தனபால்.

 ராய் தலையை ஆட்டினார். "இது என்னிடம் இருக்கட்டும். இன்றைக்கே, இப்போதே, இரண்டு பேரும் டாக்டரிடம் போகிறீர்கள். நான் பின்னால் வருகிறேன்" என்றார். வந்தது மூன்று கார். தனபால் சார் தன் காரை மரத்தடியிலேயே விட்டுவிட்டு, மனைவி ஓட்டப் பக்கத்தில் உட்கார்ந்து போனார். நான்கு நாள் கழித்துத்தான் வந்து அதை எடுத்தார்கள்.

தனபால் சார் ஆஸ்பத்திரியில் கொஞ்ச நாள் இருந்தார். பிறகு மாத்திரை, பிறகு ஊர் மாறி சன்னிவேல் பக்கம் ஒரு வேலை. இருக்கிறார். துப்பாக்கியை ராயிடம் திரும்பக் கேட்கவில்லை. அண்ணாச்சி என்னைத் திட்டினார், சாமானைக் கடைக்குள் விட்டதற்கு. அன்று மாலை அவரே நாற்காலி மேல் ஏறி, கயிற்றிலிருந்த அட்டைகளை எல்லாம் இறக்கி டிராயரில் போட்டுப் பூட்டினார்.

இப்போது வேலைக்குச் சேரும் பிள்ளைகளுக்காக இதை எழுதுகிறேன். அளவு, தேதி, துணி இவற்றோடு நம் வேலை முடிந்தது என்று எனக்குச் சொன்னவர்கள் தப்பாகச் சொன்னார்கள். வாடிக்கையாளரின் உடம்பில் கை வைத்து அளக்கிற நமக்கு, வீட்டு ஆட்களுக்கு முன்னால் சில விஷயம் தெரிந்துவிடுகிறது. சந்தேகம் வந்தால் சுற்றி வளைக்காதீர்கள், ராய் கேட்ட மாதிரி நேராகக் கேளுங்கள். கேட்டதால் யாரும் சாகமாட்டார்கள். அதற்குப் பிறகு நான் கேட்டேன். பலர் சிரித்தார்கள், சிலர் கோபித்துக்கொண்டு வேறு டெய்லரிடம் போனார்கள். இரண்டு பேர் மட்டும் இல்லை என்று சொல்லாமல், தண்ணீர் இருக்கிறதா என்று கேட்டார்கள். கொடுத்தேன். அவர்களுக்கு நான் துணி தைக்கவில்லை.